பழைய கெட்டி மெத்தை இனி வராது என்றால்: புதையாத, சூடேறாத மெத்தையைத் தேடிப் பிடிப்பது எப்படி

பல வருடம் படுத்துப் பழகிய கெட்டி மெத்தை தேய்ந்துபோய்விட்டது, அதையே மறுபடி வாங்கலாம் என்று கேட்டால் "அந்த மாடல் இப்போது வருவதில்லை" என்கிறார்கள். இந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். முதலில் ஒன்று: அந்தப் பெயரைத் தேடி அலையாதீர்கள். எங்கோ ஒரு கிடங்கில் பழைய சரக்கு மிஞ்சியிருந்தாலும், சுருட்டிக் கட்டிய நிலையில் நீண்ட காலம் கிடந்த ஃபோம் முழு உயரத்துக்கு எழும்பாமல் போகலாம். அதே பெயரில் புதிய பதிப்பு வந்திருந்தால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது, ஏனென்றால் உள் அடுக்குகளை மாற்றிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் சகஜம். தேட வேண்டியது அந்த மெத்தையின் கட்டமைப்பை. அது உங்களைப் புதையவிடவில்லை, அதனால் முதுகு நேராக இருந்தது. உடம்பைச் சுற்றி மூடிக்கொள்ளவில்லை, அதனால் சூடு தங்கவில்லை. இந்த இரண்டு நன்மையும் ஒரே காரணத்தால் வந்தவை என்பதைப் பிடித்துக்கொண்டால் மீதித் தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

பழைய மெத்தையைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் அதனிடமிருந்து எடுக்க வேண்டிய தகவல் நிறைய இருக்கிறது. ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே என்ன பொருள் என்பது பெரும்பாலும் அதில் இருக்கும். மொத்த உயரத்தை அளந்து குறித்துவையுங்கள். உறையில் ஜிப் இருந்தால் திறந்து, எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றும் எவ்வளவு தடிமன் என்று பார்க்கலாம். ஆனால் லேபிளில் கண்ணாடி இழை என்று எங்காவது இருந்தால் ஜிப்பைத் தொடாதீர்கள். தீத்தடுப்புக்காக வைக்கும் அந்த இழை வெளியே வந்தால் அறை முழுக்கப் பரவி, தோலிலும் மூச்சிலும் தொந்தரவு கொடுக்கும், சுத்தம் செய்வதும் பெரும்பாடு. ஜிப்பே இல்லையென்றாலும் பரவாயில்லை, முஷ்டியை வைத்து மெதுவாக அழுத்துங்கள். எவ்வளவு ஆழம் மெத்தென்று போகிறது, எங்கே போய் கெட்டியாகத் தடுக்கிறது? அந்த முதல் ஆழம்தான் மேலே இருக்கும் சொகுசு அடுக்கின் தடிமன். பழைய காலத்துக் கெட்டி மெத்தைகள் பலவற்றில் இது ஒரு அங்குலம்கூட இருக்காது. இப்போது கடைகளில் 'கெட்டி' என்று எழுதி விற்பவற்றில் இரண்டு மூன்று அங்குலம்வரை இருக்கும். புதிதாக வாங்கியவர்கள் "கெட்டி என்றுதான் வாங்கினேன், ஆனால் புதைகிறது" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்னொரு சோதனை, இதை யாரும் செய்வதில்லை, ஆனால் ரொம்ப உதவும். மெத்தையில் நீங்கள் தினமும் படுக்கும் இடத்தையும், யாருமே படுக்காத கால்மாட்டு மூலையையும் மாற்றி மாற்றி அழுத்திப் பாருங்கள். மூலைதான் அந்த மெத்தை வந்த புதிதில் இருந்த கெட்டி. படுக்கும் இடம் வருடக்கணக்கில் இளகிய பிறகு இருக்கும் கெட்டி. உங்கள் உடம்பு பழகியிருப்பது இரண்டாவதற்கு. ஆகவே அந்த மாடலின் பழைய விவரக்குறிப்பை அப்படியே பிடித்து அதே கெட்டியில் ஒன்று வாங்கினால், முதல் சில வாரம் பலகையில் படுத்த மாதிரி இருக்கக்கூடும். இளகிய இடத்தில் பள்ளம் விழாமல் இன்றும் சுகமாகத் தூங்குகிறீர்கள் என்றால், பழையதன் மூல அளவைவிட ஒரு சுற்றுக் குறைந்த கெட்டிதான் உங்களுக்குப் பொருந்தும். பள்ளம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, விரிப்பை எடுத்துவிட்டு மெத்தையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நூலை இறுக்கிப் பிடித்து, நடுவில் நூலுக்கும் மெத்தைக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து பாருங்கள். பிறகு அதே நூலைக் கட்டில் பலகையின் மேலும் பிடித்துப் பாருங்கள். கட்டில் பலகை வளைந்திருந்தால் புது மெத்தையும் அதே வளைவுக்குத்தான் போகும், குற்றம் மெத்தையின் மேல் விழும்.

கெட்டித்தன்மையும் தாங்கும் திறனும் ஒன்றில்லை, இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கெட்டித்தன்மை என்பது படுத்ததும் மேல்பரப்பு தரும் உணர்வு. தாங்கும் திறன் என்பது இடுப்பு மாதிரி எடை கூடிய பகுதி கீழே இறங்கும்போது மெத்தை எந்த அளவு எதிர்த்து நிற்கிறது என்பது. மேலே மெத்தென்று இருந்துகொண்டு உள்ளே நன்றாகத் தாங்கும் மெத்தை உண்டு. மேலே கல் மாதிரி இருந்து ஒரே வருடத்தில் நடுவில் தொய்ந்துவிடும் மெத்தையும் உண்டு. இடுப்புவலிக்கு எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஸ்பெயின் ஆய்வு ஒன்றில், நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேருக்குக் கெட்டி மெத்தையும் நடுத்தரக் கெட்டி மெத்தையும் பிரித்துக் கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்தார்கள், நடுத்தரக் கெட்டிதான் நல்ல பலன் தந்தது. அதற்காக எல்லோரும் கெட்டி மெத்தையை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். குப்புறவோ மல்லாந்தோ படுப்பவர்களும் எடை கூடியவர்களும் கெட்டியில் நன்றாகவே தூங்குகிறார்கள். ஆனால் ஒருக்களித்துப் படுப்பவர் அதிகக் கெட்டியை வாங்கினால் தோள்பட்டையும் இடுப்பெலும்பும் அழுந்தி, கை மரத்துப்போய் நடுராத்திரியில் விழிப்பு வரும். கடையில் சொல்லும் 1 முதல் 10 வரையிலான கெட்டி மதிப்பெண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பொது அளவுகோல் கிடையாது. மேலே சொன்ன ஆய்வில் 1 என்றால் மிகக் கெட்டி, 10 என்றால் மிக மென்மை. பல விற்பனையாளர்கள் இதைத் தலைகீழாகப் போடுகிறார்கள். ஒரே மெத்தை 50 கிலோ எடை உள்ளவருக்குக் கெட்டியாகவும் 100 கிலோ எடை உள்ளவருக்கு மென்மையாகவும் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, சூட்டுக்கு வருவோம். தூக்கம் வரும் நேரத்தில் உடம்பு தன் உள்வெப்பத்தைக் குறைக்கப் பார்க்கிறது. தோல் வழியாக, குறிப்பாகக் கை கால்கள் வழியாக, சூட்டை வெளியே தள்ளுகிறது. மெத்தை அந்தச் சூட்டையும் வியர்வையின் ஈரத்தையும் போகவிட்டால் தூக்கம் நிலைக்கும், தடுத்தால் புரண்டு புரண்டு படுப்போம். தடுப்பது எதனால் என்று பார்த்தால் இரண்டு விஷயம்தான்: உடம்பு எவ்வளவு பரப்பில் மெத்தையோடு ஒட்டியிருக்கிறது, ஒட்டிய இடத்தில் காற்று நகர வழி இருக்கிறதா. மெமரி ஃபோம் இரண்டிலும் பின்தங்குகிறது. 1966இல் நாசாவுக்காக, விமான இருக்கைகளில் அதிர்ச்சியைத் தாங்க உருவான பொருள் அது. உடம்புச் சூட்டில் இளகி, உடம்பின் வடிவத்துக்கே குழிந்து, சுற்றிலும் அணைத்துக்கொள்வதுதான் அதன் இயல்பு. அந்த இயல்பு சிலருக்குப் பெரிய நிம்மதி, ஆனால் சூடு தாங்காதவருக்கு அதுவே பிரச்சினை. குளிரான அறையில் கெட்டியாகவும் சூடான அறையில் இளகியும் இருப்பதால், ஏசி போட்ட கடையில் கெட்டி என்று தோன்றிய மெமரி ஃபோம் வீட்டில் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

இப்போது எந்த மெத்தையைப் பார்த்தாலும் 'கூல்' என்று ஒரு வார்த்தை ஒட்டியிருக்கிறது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஜெல் கலந்த ஃபோம் படுத்தவுடன் குளிர்ச்சி காட்டும், ஏனென்றால் ஜெல் சூட்டை வேகமாக வாங்கிக்கொள்கிறது. வாங்கிய சூடு போக வழி இல்லையென்றால் சிறிது நேரத்தில் அதுவும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். உருகும்போது சூட்டை உறிஞ்சும் மெழுகு மாதிரியான பொருளைத் தடவிய துணிகள் உண்டு, அவையும் ஒரு கொள்ளளவு நிரம்பும்வரைதான் வேலை செய்யும். தொட்டால் சில்லென்று இருக்கும் உறைத் துணியும் அப்படித்தான், கையை வைத்துப் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு அருமையாக இருக்கும். இவை எல்லாம் தூக்கம் வரும் முதல் கட்டத்துக்கு உதவும், அதை மறுக்கவில்லை. ராத்திரி முழுக்கச் சூடு சேராமல் இருக்க வேண்டும் என்றால் புதையாத மேல்பரப்பும் காற்று ஓடும் நடுப்பகுதியும்தான் வேண்டும். 'கூல்' என்ற வார்த்தைக்காக மேலே மூன்று அங்குல ஜெல் மெமரி ஃபோம் உள்ள மெத்தையை வாங்கினால் எதை விட்டு ஓடினீர்களோ அங்கேயே போய் நிற்பீர்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? என் முதல் தேர்வு பாக்கெட் ஸ்பிரிங்கின் மேல் மெல்லிய லேடெக்ஸ் (ரப்பர் பாலிலிருந்து செய்யும் ஃபோம்) அடுக்கு உள்ள ஹைப்ரிட், அதாவது இரண்டும் கலந்த மெத்தை. ஸ்பிரிங் பகுதி பெரும்பாலும் காற்றுதான், நாம் புரளும்போதெல்லாம் உள்ளே இருக்கும் காற்று நகரும். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித் துணிப்பையில் இருப்பதால் பக்கத்தில் இருப்பவர் புரண்டாலும் அசைவு அதிகம் தெரியாது. லேடெக்ஸ் அமுக்கியவுடன் திருப்பித் தள்ளும் இயல்பு உள்ளது, உடம்பை அணைத்துக்கொள்ளாது. வார்க்கும்போதே செங்குத்தாகத் துளைகள் விழுவதால் காற்றுக்கும் வழி உண்டு. ஸ்பிரிங் வேண்டாம், சத்தம் வரும் என்று நினைப்பவர்களுக்கு முழு லேடெக்ஸ் மெத்தை நல்ல மாற்று. அதில் டன்லப் முறையில் செய்தது, தலலே முறையில் செய்தது என்று இரண்டு வகை உண்டு. கெட்டி விரும்புபவர்கள் டன்லப் பக்கம் போகலாம், அது கொஞ்சம் அடர்த்தியாகவும் கீழ்ப்பகுதி கூடுதல் உறுதியாகவும் இருக்கும். ஆனால் லேடெக்ஸ் கனமானது, தனியாகத் தூக்கித் திருப்ப முடியாது. ரப்பர் ஒவ்வாமை இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. ரப்பர் பால் தெளித்து அழுத்திய தென்னைநார் மெத்தை கெட்டி, காற்றோட்டம் இரண்டிலும் மிக நன்றாக இருக்கும், பழைய கெட்டி மெத்தையின் உணர்வுக்கு மிக அருகில் வருவதும் அதுதான். காலப்போக்கில் உடம்பு படும் இடத்தில் அமுங்கி அப்படியே நின்றுவிடும் என்பதுதான் அதன் குறை. இருபுறமும் திருப்பிப் போடக்கூடியதாக வாங்கினால் அந்தக் குறையைத் தள்ளிப்போடலாம். ரீபாண்டட் ஃபோம், அதாவது துண்டு ஃபோம்களை அழுத்தி ஒட்டியது, கெட்டிக்குக் கெட்டி, ஆனால் காற்று அவ்வளவாகப் புகாது. அடியில் தாங்கும் அடுக்காக இருக்கலாம், உடம்பை ஒட்டி மேலே வேண்டாம்.

விற்பவரிடம் எண்கள் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அதுவே ஒரு பதில். சாதாரண பாலியூரித்தேன் ஃபோமின் அடர்த்தி கனமீட்டருக்கு 30 கிலோவுக்குக் கீழே இருந்தால் தினசரி படுக்கைக்கு நீண்ட நாள் வராது, 32 முதல் 40 வரை இருந்தால் நல்லது. மெமரி ஃபோம் மெல்லிய அடுக்காக இருந்தே தீரும் என்றால் 50க்கு மேல் பாருங்கள். அடர்த்தி கூடினால் கெட்டி கூடும் என்று கடையிலேயே சிலர் சொல்வார்கள், அது தவறு. அடர்த்தி சொல்வது உழைக்கும் ஆயுளை, கெட்டியைச் சொல்வது ஐஎல்டி என்ற இன்னொரு எண். ஒரு வட்டத் தட்டை வைத்து ஃபோமை அதன் உயரத்தில் 25 சதவீதம் அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்பதுதான் அந்த எண். சில நாடுகளில் 40 சதவீத அழுத்தத்தில் நியூட்டனில் அளக்கிறார்கள், ஆகவே எந்த முறை என்று கேட்காமல் இரண்டு நிறுவனத்தின் எண்களை ஒப்பிட முடியாது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு விகிதம்: 65 சதவீதம் அழுத்தத் தேவையான விசையை 25 சதவீதத்துக்கான விசையால் வகுத்தால் கிடைப்பது. சாதாரண ஃபோமில் இது 2ஐ ஒட்டி இருக்கும், நல்ல லேடெக்ஸில் 3ஐ நெருங்கும். கீழே இறங்க இறங்க எதிர்ப்பு கூடுகிறது என்று அர்த்தம், அதாவது மேலே மெத்தென்று இருந்தாலும் இடுப்பைத் தாங்கிப் பிடிக்கும். ஸ்பிரிங் எண்ணிக்கையை வைத்து விளம்பரம் செய்தால், அது எந்த அளவு மெத்தைக்கான எண்ணிக்கை என்று கேளுங்கள். கம்பியின் கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிமன் கூடுகிறது, 13 என்பது 15ஐவிடக் கெட்டி.

கடையில் படுத்துப் பார்க்க வாய்ப்பு இருந்தால் வெட்கப்படாமல் பதினைந்து நிமிடமாவது படுங்கள், நீங்கள் வழக்கமாகத் தூங்கும் நிலையிலேயே. உட்கார்ந்து குதித்துப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. கூட வந்தவரைப் பின்பக்கமாக நின்று ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது பிடரியிலிருந்து இடுப்பின் அடிவரை முதுகுத்தண்டு நேர்கோட்டில் இருக்கிறதா, இடுப்பு தொய்ந்திருக்கிறதா, தோள் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறதா என்பது போட்டோவில் பளிச்சென்று தெரியும். மல்லாந்து படுத்து இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே கையை நுழைத்துப் பாருங்கள். கை சுலபமாகப் புகுந்து இடைவெளி மிஞ்சினால் உங்களுக்கு அது அதிகக் கெட்டி, கையே புகவில்லை என்றால் நீங்கள் புதைகிறீர்கள். வீட்டுத் தலையணையைக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. அப்புறம் ஓரத்தில் உட்கார்ந்து எழுந்து பாருங்கள், மூட்டுவலி இருப்பவர்களுக்கு ஓரம் தொய்யாமல் இருப்பது முக்கியம். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் திருப்பிக் கொடுக்கும் விதிகளை முழுக்கப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்: எத்தனை நாள், குறைந்தபட்சம் எத்தனை நாள் படுத்த பிறகுதான் திருப்பலாம், யார் வந்து எடுப்பது, பிடித்தம் உண்டா, கறை பட்டால் ஏற்பார்களா. உத்தரவாதத்தில் எத்தனை அங்குலம் பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்பதைத் தேடிப் படியுங்கள். ஒன்றரை அங்குலம் என்று போட்டிருந்தால், ஒரு அங்குலப் பள்ளத்தோடு வருடக்கணக்கில் முதுகுவலியைத் தாங்க வேண்டியிருக்கும்.

முடிவெடுக்க முடியாமல் இரண்டுக்கு நடுவில் நிற்கிறீர்களா? கெட்டியானதை எடுங்கள். கெட்டி மெத்தையின் மேல் ஒரு அங்குலமோ இரண்டு அங்குலமோ லேடெக்ஸ் டாப்பர், அதாவது மெத்தை மேல் விரிக்கும் தனி அடுக்கு, போட்டு இளக்கிக்கொள்ளலாம், ஆனால் தொய்யும் மெத்தையின் மேல் எவ்வளவு கெட்டியான டாப்பரைப் போட்டாலும் அதுவும் சேர்ந்துதான் தொய்யும். இருவர் சேர்ந்து படுக்கும் கட்டிலில் எடை வித்தியாசம் அதிகம் என்றால், ஒரே உயரத்தில் இரண்டு ஒற்றை மெத்தைகளை வெவ்வேறு கெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் போடுவதுதான் நான் பரிந்துரைப்பது. ஒருவருக்காக மற்றவர் முதுகைக் கொடுக்க வேண்டியதில்லை.

மெத்தைக்கு மேலும் கீழும் இருப்பதைக் கவனிக்காமல் விட்டால் இவ்வளவு பாடும் வீண். மெத்தை மேல் போடும் நீர் புகாத உறையான புரொடெக்டர் பிளாஸ்டிக் போலச் சரசரத்தால், உள்ளே எவ்வளவு நல்ல லேடெக்ஸ் இருந்தாலும் நீங்கள் படுத்திருப்பது பிளாஸ்டிக் மேல்தான். மெல்லிய பாலியூரித்தேன் படலம் ஒட்டிய துணி புரொடெக்டர் ஆவியை ஓரளவு வெளியே விடும், தண்ணீரை உள்ளே விடாது. இன்னும் புது மெத்தை வாங்கவில்லை என்றால் முதலில் இதை மட்டும் மாற்றி சில நாள் படுத்துப் பாருங்கள், சூட்டில் பாதி அதனால்தான் வந்தது என்று தெரிந்தாலும் தெரியலாம். விரிப்பு, மைக்ரோஃபைபரைவிட எளிய நெசவுப் பருத்தி நல்லது. நூல் எண்ணிக்கை மிக அதிகமான அடர்ந்த துணி வழவழப்பாக இருக்கும், காற்றை விடாது. கட்டிலில் முழுப் பலகை இருந்தால் மெத்தையின் அடி மூச்சுவிட முடியாது, ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கவும் வாய்ப்புண்டு. பலகையில் துளைகள் போடலாம், அல்லது சட்டங்களாக மாற்றலாம். சட்டங்களுக்கு நடுவே இடைவெளி மூன்று அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் ஃபோமும் லேடெக்ஸும் அந்த இடுக்குகளில் இறங்கத் தொடங்கும். அகலமான கட்டில் என்றால் நடுவில் தரையைத் தொடும் கால் ஒன்று கட்டாயம் வேண்டும். தலையணையும் மாறக்கூடும்: கெட்டி மெத்தையில் தோள் இறங்காது என்பதால் ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தலையணை உயரம் கூட வேண்டும். கழுத்துவலி வந்தால் மெத்தையைத் திட்டுவதற்கு முன் இதைச் சரி பாருங்கள்.

மெத்தை சுருட்டி வந்தால் சீக்கிரம் பிரித்து, ஜன்னல் திறந்த அறையில் ஒன்றிரண்டு நாள் விட்டுவையுங்கள், வாசனையும் போகும், உயரமும் முழுதாக வரும். உயரத்தை அளந்து விளம்பரத்தில் சொன்னதோடு ஒப்பிடுங்கள். ஃபோமையும் லேடெக்ஸையும் நேரடி வெயிலில் காயவைக்காதீர்கள், அது பொருளையே நொறுக்கிவிடும், நிழலில் காற்றாட வைத்தால் போதும். முதல் நாளே தீர்ப்பு எழுத வேண்டாம். புது மெத்தையும் கொஞ்சம் இளகும், உடம்பும் பழக வேண்டும், மூன்று நான்கு வாரம் கொடுங்கள். அந்த நாட்களில் காலையில் எழும்போது எங்கே வலிக்கிறது என்று ஒரு வரி குறித்துவந்தால் பிறகு குழப்பம் இருக்காது. தோளும் இடுப்பெலும்பும் அழுந்தி வலித்தால் மேலே மெல்லிய டாப்பர் போதும். இடுப்புக்குழியில் வலித்து, நடமாடத் தொடங்கியதும் சரியாகிவிட்டால் பெரும்பாலும் நடுவில் தொய்கிறது, அதை டாப்பரால் சரிசெய்யப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கால்வரை இறங்கும் வலியோ மரத்துப்போதலோ இருந்தால் அது மெத்தைக்கடை விஷயமே இல்லை, மருத்துவரைப் பாருங்கள். திருப்பித் தரும் கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஞாபகப்படுத்த போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், அட்டையையும் பில்லையும் லேபிளையும் அதுவரை பத்திரமாக வையுங்கள். வைத்துக்கொள்வதாக முடிவானால், முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் போடுங்கள், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும்.